குப்பைக் குவியலின் சூட்டில் நாற்று வளர்ப்போம்
மார்கழிக் குளிருக்கு ஓர் எளிய பசுமைக்குடில்

 

மார்கழி மாதத்தில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் தோட்டப் பக்கம் நடந்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஊர் முழுக்கப் பனியில் நனைந்து கிடக்கும். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குப்பைமேட்டிலிருந்து மட்டும் மெல்ல ஆவி எழும். கோழிகள் அதன்மேல் ஏறிக் காலைப் புதைத்து நிற்கும். தெரு நாயும் அதன் ஓரத்தில்தான் சுருண்டு படுத்திருக்கும். விறகும் இல்லை, கரண்டும் இல்லை. ஆனாலும் அந்த மேடு இரவெல்லாம் சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டை நம் நாற்றங்காலுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

பாடத்துக்குப் போகும் முன் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

போன ஆண்டு மார்கழியில், பாலக்கோடு பக்கத்தில் கணவரை இழந்த ஒரு சகோதரிக்குத் தொழில் உதவியாகக் குழித்தட்டுகளும், தக்காளி, மிளகாய் விதைகளும், ஒரு நிழல்வலையும் கொடுத்தோம். நாற்று வளர்த்து அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்றால் மாதச் செலவுக்கு ஆகும் என்பது எண்ணம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது தட்டுகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மிளகாய் பெரும்பாலும் முளைக்கவேயில்லை. முளைத்த தக்காளியும் தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டது. அந்தச் சகோதரி எங்களைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "விதை கொடுத்தீங்க பாய், போட்டோ எடுத்தீங்க. அப்புறம் முளைச்சுதா இல்லையான்னு ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கலியே."

பதில் சொல்ல முடியவில்லை. விதையைக் கொடுத்த நாங்கள், அது முளைக்கத் தேவையான சூட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதன்பிறகு கற்றுக்கொண்டதை, அவரோடு சேர்ந்து செய்து பார்த்ததை, இங்கே எழுதுகிறோம்.

குளிர் விதையை என்ன செய்கிறது?

தருமபுரி வெயில் ஊர்தானே, இங்கே எதற்குப் பசுமைக்குடில் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பங்குனி, சித்திரையில் 38 டிகிரி வரை கொதிக்கும் மாவட்டம் இது. ஆனால் டிசம்பரில் குளிர் இறங்கி, ஜனவரி இரவுகளில் 17 டிகிரிக்கு வந்துவிடுகிறது. இது சமவெளிக் கணக்கு. வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் குளிர் இதைவிட அதிகம்.

மண்ணின் சூட்டுக்கும் முளைப்புக்கும் உள்ள தொடர்பு ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்ட ஒன்று. தக்காளி விதை 25 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 6 நாளில் முளைக்கும். 20 டிகிரியில் 8 நாள் ஆகும். 15 டிகிரியில் 14 நாள். 10 டிகிரிக்கு இறங்கினால் 40 நாளுக்கு மேல் பிடிக்கும். மிளகாய் இன்னும் சூடு கேட்கும் பயிர். 25 டிகிரியில் 8 நாளில் முளைப்பது, 15 டிகிரியில் 25 நாள் எடுத்துக்கொள்ளும். கத்தரியும் ஏறக்குறைய மிளகாய் மாதிரிதான்.

நாள் கூடினால் என்ன, பொறுத்திருக்கலாமே என்று தோன்றும். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. முளைக்காமல் ஈரத்தில் கிடக்கும் விதை அழுகும். முளைத்து மெதுவாக வளரும் இளங்கன்றை நாற்றழுகல் நோய் பிடிக்கும். தரையோடு ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, நூல்போல் இளைத்துச் சாயும். முளைக்கவில்லையே என்று பதறி நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்தான். அந்தச் சகோதரியின் வீட்டில் நடந்தது இதுவே. குளிர் பாதி, தண்ணீர் பாதி.

ஆக, நமக்குப் பெரிய குடில் தேவையில்லை. பகலில் வெயில் போதும். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை, இரவில் மட்டும், நாற்றின் வேருக்கு அடியில் கொஞ்சம் சூடு வேண்டும். அதைத் தரக்கூடியது மக்கும் குப்பை.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

சாணத்திலும் சருகிலும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை தழையையும் வைக்கோலையும் தின்று, காற்றை இழுத்து மூச்சுவிடுகின்றன. நாம் சோறு தின்றால் உடம்பு சூடாக இருக்கிறதல்லவா, அதே கதைதான். ஒரு நுண்ணுயிரின் சூடு கணக்கில் வராது. கோடிக்கணக்கானவை ஒரே இடத்தில் தின்னும்போது, குவியலின் நடுப்பகுதி 3 முதல் 5 நாளுக்குள் 55, 60 டிகிரிக்கு ஏறிவிடும். பல நாள் அப்படி இருந்து, பிறகு மெல்ல மெல்லத் தணியும்.

இந்தச் சூடு எழ நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

முதலாவது, அளவு. ஒரு கூடைக் குப்பை சூடாகாது. உண்டாகும் சூடு உடனே வெளியே போய்விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடிக்குக் குறையாத குவியலில்தான் சூடு தங்கும். பாத்தியாக நீளப் போடும்போது உயரம் இரண்டரை அடியாவது வேண்டும்.

இரண்டாவது, கலவை. காய்ந்த சருகு, வைக்கோல், சோகை இவை விறகு மாதிரி. பச்சைச் சாணம், ஆட்டுப் புழுக்கை, கோழி எச்சம், பச்சைத்தழை இவை தீ மூட்டும் பொறி மாதிரி. ஒன்று மட்டும் இருந்தால் வேலை நடக்காது. விஞ்ஞானிகள் கரிச்சத்து 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்பார்கள். நம் கைக்கணக்கில், மாட்டுச் சாணம் என்றால் சருகும் சாணமும் கன அளவில் ஏறக்குறைய சமம். கோழி எச்சம் என்றால் அது கடுமையானது. 4 கூடைச் சருகுக்கு 1 கூடை போதும்.

மூன்றாவது, ஈரம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் அதிகம். கை நனையவே இல்லையென்றால் போதாது.

நான்காவது, காற்று. மிதித்துக் கல்லாக்கிவிட்டால் நுண்ணுயிர் மூச்சுத் திணறும். சூடு வராது, நாற்றம்தான் வரும்.

புதிய கண்டுபிடிப்பு அல்ல

இது வெளியூரிலிருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் விதை நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி முளைகட்டுவார்கள். மறுநாள் சாக்குக்குள் கைவிட்டால் கதகதப்பாக இருக்கும். முளைக்கும் விதை விடும் மூச்சின் சூடு அது. ஈரத்தோடு போர் போட்டால் வைக்கோல் உள்ளே வெந்து கறுத்துவிடும் என்பதும் நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததே.

இந்தச் சூட்டைப் பயிருக்குப் பயன்படுத்தியவர்களில் அந்தலூஸ் முஸ்லிம் விவசாய அறிஞர்களுக்கு முக்கிய இடம் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் தோட்டக்கலையில் பெயர்பெற்றவர் இப்னு பஸ்ஸால். 1085இல் அந்த நகரம் கைமாறிய காலத்தில் அவர் செவில்லேக்கு இடம்பெயர்ந்து அங்கே தன் பணியைத் தொடர்ந்தார். அடுத்த நூற்றாண்டில் அதே செவில்லேயில் இப்னுல் அவ்வாம் 'கிதாபுல் ஃபிலாஹா' என்ற பெரிய வேளாண்மை நூலை எழுதினார். எந்த எரு சூடானது, எது மிதமானது, எது ஈரம் காக்கும் என்று எருவை வகைபிரித்துப் பார்த்தவர்கள் இவர்கள். இப்னுல் அவ்வாமின் நூலை 1802இல் மத்ரீதில் ஸ்பானிய மொழிபெயர்ப்போடு அச்சிட்டார்கள். 600 ஆண்டுக்கு மேல் ஆகியும் அது விவசாயிக்கு உதவும் என்று நம்பியே அதைச் செய்தார்கள்.

இன்னொரு சான்று மொழியிலேயே இருக்கிறது. விதை சீக்கிரம் முளைப்பதற்காகப் புதுச் சாணம் இட்டுத் தயாரிக்கும் நிலத்துக்கு ஸ்பானிய மொழியில் 'அல்மஹாரா' என்று பெயர். அது அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்சி போனபிறகும் நாற்றங்காலின் பெயர் அங்கேயே வேர்விட்டு நின்றுவிட்டது.

பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகரைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தைப் பாத்தியாக அடுக்கி, மேலே கண்ணாடி மூடி, கடுங்குளிரிலும் கீரையும் வெள்ளரியும் எடுத்தார்கள். நகரத்துக் குதிரைவண்டிகளின் சாணம் அவர்களுக்கு எரிபொருள். மோட்டார் வண்டி வந்து குதிரைகள் குறைந்ததும் அந்தத் தொழிலும் குறைந்தது. 1970களில் பிரான்சின் தென்பகுதியில் ஜான் பாய்ன் என்பவர், வெட்டிய புதர்க் குச்சிகளைத் தூளாக்கி மலைபோல் குவித்து, உள்ளே குழாயைச் சுற்றி, அந்தச் சூட்டிலேயே வெந்நீர் எடுத்துக் காட்டினார்.

நம் நாட்டிலும், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவார்டு, யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து, பண்ணைக் கழிவைச் சாணத்தோடு அடுக்கிச் சூடேற்றி எருவாக்கும் 'இந்தூர் முறை'யை உருவாக்கினார். இந்திய விவசாயிகளைத் தன் ஆசான்கள் என்று சொல்லிக்கொண்டவர் அவர். அவர்கள் எருவுக்காகச் செய்ததை நாம் எருவுக்கும் சூட்டுக்கும் சேர்த்துச் செய்யப்போகிறோம்.

நம் மாவட்டத்தில் என்ன கிடைக்கும்?

பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் கரும்புச் சோகை. அறுவடைக்குப் பின் பலர் அதை வயலிலேயே கொளுத்துகிறார்கள். எல்லா ஊரிலும் கேழ்வரகுத் தட்டை, நிலக்கடலைக் கொடி, மாந்தோப்புச் சருகு. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் வீட்டில் மல்பெரிக் குச்சியும் புழு எச்சமும். நம் ஜமாஅத்தில் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் பல. பட்டிக்கடியில் புழுக்கை குவிந்து கிடக்கிறது. கறிக்கோழிப் பண்ணைக் கழிவைக் கொட்ட இடமில்லாமல் சாலையோரம் போடுபவர்களும் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டியது பாலித்தீன் தாள் ஒன்றுதான்.

அமைக்கும் முறை

ஒரு குடும்பத்துக்கு ஏற்ற அளவாக 10 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். இது 100 கன அடி, அதாவது மணல் கணக்கில் ஒரு யூனிட். குப்பை அமுங்கும் என்பதால் ஒன்றரை யூனிட் சேர்த்து வையுங்கள்.

1. இடம்: காலை வெயில் விழும், மழைத்தண்ணீர் தேங்காத மேட்டு இடம். வடகாற்று நேராக அடிக்காதபடி ஒரு சுவரோ வேலியோ வடக்கே இருந்தால் நல்லது. குடிக்கும் கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அருகில் வேண்டாம்.

2. சுற்றுச்சுவர்: நம் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லை அடுக்கி மண் பூசலாம். கல் இல்லையென்றால் சோகையை இறுக்கிக் கட்டுகளாக்கிச் சுற்றிலும் அடுக்கலாம். சோகைக் கட்டு சூட்டையும் நன்றாகக் காக்கும்.

3. அடித்தளம்: மல்பெரிக் குச்சி, துவரைக் குச்சி போன்றவற்றை 4 அங்குலத்துக்குப் பரப்புங்கள். இது அடியிலிருந்து காற்று நுழைய வழி.

4. அடுக்குதல்: அரை அடி காய்ந்த சருகு, அதன்மேல் அரை அடி பச்சைச் சாணம் அல்லது அளவாகப் புழுக்கை, ஒவ்வொரு அடுக்குக்கும் பூவாளியால் தண்ணீர். சோகை நீளமாக இருந்தால் ஒரு சாண் துண்டுகளாக நறுக்குங்கள். லேசாக மிதித்தால் போதும். சுவர் மட்டத்துக்கு மேல் அரை அடி உயர்ந்து நிற்கட்டும். சாக்கு போட்டு மூடுங்கள்.

5. புரட்டுதல்: 4ஆம் நாள் நடுவில் கடப்பாரையைச் செருகி 10 நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைக் கையில் பிடிக்க முடியவில்லை என்றால் குவியல் 50 டிகிரியைத் தாண்டிவிட்டது. 5ஆம் நாள் மண்வெட்டியால் ஒருமுறை புரட்டி, ஓரத்தில் இருந்ததை நடுவுக்குத் தள்ளி, ஈரம் பார்த்து மறுபடி நிரப்புங்கள். இரண்டு, மூன்று நாளில் மீண்டும் சூடேறும். இந்தக் கடுஞ்சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெருமளவு செத்துவிடும்.

6. மேல் மண்: குவியல் அமுங்கியதும் மக்கிய எருவோ, மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்ததோ 3, 4 அங்குலம் பரப்பி மட்டப்படுத்துங்கள். அமோனியா வாடையை இது பிடித்துக்கொள்ளும். சூட்டையும் சமமாகப் பரப்பும்.

7. கூடாரம்: 8 அடி நீள மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, 2 அடிக்கு ஒன்றாக 6 வில்கள் நடுங்கள். உச்சியில் நீளவாக்கில் ஒரு மூங்கிலைக் கட்டுங்கள். அதன்மேல் பாலித்தீன் தாள். நாற்றங்காலுக்கென விற்கும் 200 மைக்ரான் தாள் வெயில் தாங்கிச் சில பருவம் உழைக்கும். மலிவுத் தாள் ஒரே பருவத்தில் கிழிந்துவிடும்.

8. காத்திருத்தல்: இதுவே முக்கியம். மேல் மண்ணில் 2 அங்குல ஆழத்தில் விரலை வையுங்கள். சுட்டால் இன்னும் காத்திருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர்போல் இதமான வெதுவெதுப்புக்கு வந்தபிறகே தட்டுகளை வைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 30 டிகிரியை ஒட்டி இருக்கட்டும்.

விதைப்பும் அன்றாட வேலையும்

98 குழி கொண்ட தட்டுகள் இந்தப் பாத்தியில் 20 வரை கொள்ளும். அதாவது சுமார் 1,960 நாற்று. இடைவெளி இரண்டடிக்கு ஒன்றரை அடி என்று வைத்தால், இது ஏறக்குறைய 13 சென்ட் தக்காளிக்குப் போதும். அல்லது வீட்டுத் தோட்டத்துக்கென 40 குடும்பங்களுக்கு ஆளுக்கு 49 நாற்று கொடுக்கலாம்.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். குழிக்கு ஒரு விதை. முதல் சில நாள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாத்தியின்மேல் அடுக்கித் தாள் போர்த்தலாம். தினமும் பாருங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே பிரித்துப் பரப்பிவிட வேண்டும். ஒருநாள் தவறினாலும் நாற்று வெளுத்து நெட்டையாகிவிடும்.

காலை 9 மணிக்குள் கூடாரத்தின் இரண்டு முனையையும் திறந்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய தாளுக்குள் நண்பகலில் 40 டிகிரியைத் தாண்டும்; நாற்று வெந்துவிடும். மாலை 4 மணிக்கு மூடி, மஃக்ரிப் நேரத்தில் தாள்மேல் சாக்கோ பழைய படுதாவோ போர்த்துங்கள். காலையில் அதை எடுக்க மறக்க வேண்டாம். தண்ணீர் காலையில் மட்டும், பூவாளியில். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நிற்கும்.

தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வரும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து சாக்கைக் குறைத்து, தாளையும் விலக்கி, வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். பாத்தியின் சூடு மூன்று முதல் ஆறு வாரம் வரை படிப்படியாக இறங்கும். இரண்டாம் ஈடு நாற்று வேண்டுமென்றால் குவியலைப் புரட்டி, புதுச் சாணமும் சருகும் சேர்த்தால் மறுபடி சூடேறும்.

எச்சரிக்கைகள்

கூடாரத்தைத் திறந்ததும் மூக்கை உறுத்தும் நெடி அடித்தால் அது அமோனியா. இலை நுனியைக் கருக்கிவிடும். அன்று தட்டுகளை வெளியே எடுத்து, கூடாரத்தைத் திறந்து போட்டு, மேலே காய்ந்த சருகோ மண்ணோ சேருங்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1983இல் எருக்குவியலை உள்ளே வைத்துப் பெரிய பசுமைக்குடில் கட்டியவர்களும் இந்த அமோனியாவோடுதான் போராடினார்கள். சூடு அதிகமாக வேண்டும் என்று கோழி எச்சத்தை அள்ளிப் போடுவது நாற்றுக்கு எதிரி.

கதகதப்பைத் தேடிப் பாம்பும் தேளும் வரும். சாக்கை எடுக்கும் முன் குச்சியால் தட்டுங்கள். இருட்டில் கைவிடாதீர்கள். சிறு பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் விளையாட விடாதீர்கள்.

பட்டுப்புழு எச்சத்தைப் பயன்படுத்துவோர், குவியலைப் புழு வளர்ப்பு மனைக்குத் தள்ளி வைக்க வேண்டும். நோய்ப்பட்ட புழு கலந்த எச்சத்தைச் சேர்க்கவே கூடாது. தென்னை வைத்திருப்போருக்கு ஒன்று: குவியல் ஆறியபின் அதில் காண்டாமிருக வண்டின் புழு குடியேறும். நாற்று எடுத்ததும் கிளறிப் பார்த்து, வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழித்துவிடுங்கள்.

சாணத்தில் வேலை செய்யும்போது கை, காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். தனுர்வாதக் கிருமி சாணத்திலும் மண்ணிலும் இருக்கும். தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வேலைக்கென்று தனி உடை வைத்துக்கொண்டால் தொழுகை நேரத்துக்குச் சுத்தமாகத் தயாராவது எளிது.

இந்த ஆண்டு நாங்கள் கண்டது

ஐப்பசி கடைசியில் அந்தச் சகோதரியின் வீட்டுப் பின்புறத்தில் முதல் பாத்தி போட்டோம். சோகையும் ஆட்டுப் புழுக்கையும் பக்கத்து வீடுகளிலேயே கிடைத்தன. சூடு எழுந்த மகிழ்ச்சியில் நாங்கள் அவசரப்பட்டு 6ஆம் நாளே தட்டுகளை வைத்துவிட்டோம். அடியில் வேர் வெந்து அந்த ஈடு போயிற்று. "இந்தத் தடவை தப்பு நம்ம கண்ணு முன்னாடி நடந்திச்சு பாய், அதனால திருத்திக்கலாம்" என்றார் அவர். அடுத்த ஈட்டில் விரல் வைத்துப் பார்த்து முடிவெடுத்தது அவரே. அல்ஹம்துலில்லாஹ், தக்காளி ஒரு வாரத்துக்குள் தலைகாட்டியது. மிளகாய் அதற்குச் சில நாள் பின்னால். எல்லாம் முளைத்தது என்று சொல்லமாட்டோம். சில குழிகள் காலிதான். ஆனால் விற்கவும் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கவும் நாற்று இருந்தது. இப்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் அவரிடம் வந்து கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். நாங்களும் அவரிடம்தான் கற்கிறோம்.

இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. விதையும் தட்டும் ஒரே நாளில் கொடுத்துவிடக் கூடியவை. சூடு அப்படியல்ல. காலையில் திறந்து, மாலையில் மூடி, தினமும் விரல் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று. நம் உதவிப் பணிகளும் அப்படியே. கொடுத்த கையோடு திரும்பிவிட்டால் அது பெரும்பாலும் முளைக்காது. இனி தொழில் உதவி பெறும் ஒவ்வொரு வீட்டுக்கும், முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை ஒருவர் சென்று பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

வீண்விரயம் செய்யாதிருக்க மார்க்கம் நமக்குக் கட்டளையிடுகிறது. சோகையைக் கொளுத்தும்போது சூடும் போகிறது, எருவும் போகிறது, கூடவே ஊராரின் நுரையீரலும் புகைகிறது. அதே சோகையை அடுக்கி வைத்தால் முதலில் நாற்றைக் காக்கும். மாசி, பங்குனியில் ஆறி மக்கி, அதே நாற்று நட்ட வயலுக்கு எருவாகப் போகும். நட்ட செடியிலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. வேரைச் சூடாக வைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்று நம்புகிறோம்.

விதைத் தேர்வு, நோய் பற்றிய சந்தேகங்களுக்குப் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பாத்தி போட விரும்பும் குடும்பங்கள் ஜுமுஆவுக்குப் பின் நம் பொறுப்பாளர்களிடம் பெயர் கொடுங்கள். சாணமும் சருகும் உங்களுடையது. மூங்கில் வளைக்கவும், குவியல் புரட்டவும், 4ஆம் நாள் கடப்பாரையைத் தொட்டுப் பார்க்கவும் இன்ஷா அல்லாஹ் நாங்கள் வருவோம். அதன்பிறகும் வருவோம்.

நம் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.